எஸ்சிசிமேப் கருவியில் 7 முனைகள் காணாமற்போவது ஏன்?

கேள்வி: வணக்கம். பில் போடும் நிரல் ஒன்றின் 12 தொகுதிகளில் எது எதை அழைக்கிறது என்பதைத் திசையுள்ள கோட்டுருவாக (தொகுதிகள் முனைகள், அழைப்புகள் அவற்றை இணைக்கும் விளிம்புகள்) டாட் கோப்பில் எழுதினேன். அதை, கோட்டுரு வரையும் மென்பொருளான கிராஃப்விஸ்ஸுடன் வரும் எஸ்சிசிமேப் கருவிக்குக் கொடுத்தேன். கோட்டுருவை வலுவாக இணைந்த கூறுகளாகப் பிரிப்பது இதன் வேலை. 3 முனைகள் கொண்ட கூறு ஒன்றும் 2 முனைகள் கொண்ட கூறு ஒன்றும் மட்டுமே கிடைத்தன. மற்ற 7 தொகுதிகள் எங்கே? திரையில் தெரிந்த எண்ணிக்கையும் நான் சேமித்த கோப்பில் இல்லை.

பதில் 1: உங்கள் கோப்பில் பிழை இல்லை. ஒரு முனையிலிருந்து மற்றொன்றுக்குப் போகவும் அங்கிருந்து திரும்பி வரவும் வழி இருந்தால்தான் இரண்டும் ஒரே கூறில் சேரும். அப்படித் துணை கிடைக்காத முனை தனியே ஒரு கூறாகும். இத்தகைய ஒற்றை முனைக் கூறுகளை இக்கருவி இயல்பாகவே விட்டுவிடும். சிறிய 'டி' விருப்பத்தைச் சேர்த்து இயக்கினால் அவையும் வரும். தன்னையே அழைக்கும் தொகுதியும் ஒற்றை முனைதான் என்பதால், சுழற்சிகளைத் தேடுபவர் அதைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை வழக்கமான வெளியீட்டிற்குப் பதிலாகப் பிழை வெளியீட்டிற்குச் செல்வதால், அதைச் சேமிக்க, கோப்பிற்குத் திருப்பும் '>' அம்புக்குறிக்கு முன் 2 என்று இடுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. இப்போது 9 கூறுகள் வருகின்றன. 3 முனைகள் கொண்ட கூறில் விலைப்பட்டி, வரி, இருப்பு என்ற தொகுதிகள் உள்ளன. விலைப்பட்டி வரியை அழைக்கிறது, வரி இருப்பை அழைக்கிறது, இருப்பு விலைப்பட்டியை அழைக்கிறது. வரி விலைப்பட்டியையும் நேராக அழைக்கிறது. இந்தச் சுழற்சியை உடைக்க, இருப்பிலிருந்து விலைப்பட்டிக்குச் செல்லும் விளிம்பை நீக்கியும் சிக்கல் தீரவில்லை.

பதில் 2: எந்த விளிம்பை வெட்டுவது என்பதைக் கருவி சொல்லாது, அதை நாம்தான் பார்க்க வேண்டும். உங்கள் கூறில் இரண்டு சுழற்சிகள் உள்ளன. நீங்கள் நீக்கிய விளிம்பு பெரிய சுழற்சியை மட்டுமே உடைத்தது. விலைப்பட்டியும் வரியும் ஒன்றையொன்று அழைப்பது அப்படியே நிற்கிறது. விலைப்பட்டியிலிருந்து வரிக்குச் செல்லும் விளிம்பு இரண்டுக்கும் பொதுவானது. விலைப்பட்டிக்குத் தேவையான வரி விகிதங்களைப் புதிய தொகுதிக்கு மாற்றி, இரண்டும் அதையே அழைக்குமாறு செய்தால் அந்த விளிம்பு தேவைப்படாது. விளிம்பை வெறுமனே அழித்து நிரலை உடைப்பதைவிட இதுவே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கேட்டவர்: அவ்வாறே செய்தேன். நீக்கிய விளிம்பையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். இப்போது 13 தொகுதிகள் 12 கூறுகளாக வருகின்றன. 2 முனைகள் கொண்ட பழைய கூறு ஒன்றே மிச்சம். அதையும் இதே முறையில் பிரிக்கத் தொடங்கியிருக்கிறேன்.