செத்த சாட்டிலைட், சினை ஊசி, ஒரு அப்பாவின் குரல்

சாகாமல் வாழும் ஆசை எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புதிது கிடையாது. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது அதிலிருந்து விழுந்த துண்டுதான் மருந்துவாழ் மலை என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள், பொற்றையடி வழியாகக் கன்னியாகுமரி போகிற பஸ்ஸில் இன்றைக்கும் யாராவது ஒருவர் அந்த மலையைப் பிள்ளைகளுக்குக் கைகாட்டுவார். அதனால் இதை வெளிநாட்டுப் பணக்காரர்களின் கிறுக்கு என்று நான் ஒதுக்குவதில்லை. எனக்கே அந்த ஆசை உண்டு. ஆனால் படித்ததை விட்டுவிட்டு, செத்தது என்று நினைத்த ஒன்று திரும்பி வருவதை நானே பார்த்த, கேட்ட சில அனுபவங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஏஓ-7 என்ற சாட்டிலைட். எங்கள் தெருவில் ஹாம் ரேடியோ, அதாவது தனி ஆட்கள் பொழுதுபோக்காக நடத்தும் ரேடியோவுக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்காக விற்ற டாங்கிளை பல அலைவரிசைகளைக் கேட்கும் ரேடியோவாக மாற்றலாம் என்ற விஷயம் 2012 வாக்கில் பரவியது இல்லையா, அதிலிருந்து நாங்கள் கூட்டாளிகள். பிவிசி குழாயில் அலுமினியக் கம்பிகளைச் செருகி ஒரு யாகி ஆன்டெனா கட்டி, மொட்டை மாடியில் நின்று அவர் கையால் திருப்புவார், நான் லேப்டாப்பில் டியூன் செய்வேன். ஒரு நாள் தென்னைகளுக்கு மேலே எதையோ தேடிக்கொண்டே "145.97 பக்கம் வச்சுக்கோ மக்கா" என்றார். இரைச்சல்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதற்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய விசில், நாலு சின்ன புள்ளி, இடைவெளி, ரெண்டு புள்ளி. மோர்ஸில் அது ஹெச், ஐ. ஹாம்கள் சிரிப்பதற்கும் வணக்கம் சொல்வதற்கும் அனுப்புவது. சாட்டிலைட் தலைக்கு மேலே கடந்து விலக விலக அந்த விசிலின் சுருதி இறங்கிக்கொண்டே போனது. "கேட்டியா? இது செத்துப்போன சாட்டிலைட்டு" என்றார் அண்ணன்.

கதை இதுதான். 1974 நவம்பர் 15 அன்று ஹாம்களுக்காகவே ஏவிய சாட்டிலைட் அது. 1981-ல் பேட்டரி ஷார்ட் ஆகி அடங்கிவிட்டது, எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். 2002 ஜூன் 21 அன்று இங்கிலாந்தில் பேட் கோவன் என்ற ஹாம் அதன் சத்தத்தைத் திரும்பக் கேட்டார். நடந்தது என்னவென்றால், ஷார்ட் ஆகிக் கிடந்த பேட்டரி இத்தனை வருஷத்தில் முழுசாக அறுந்தே போய்விட்டது. ஷார்ட் இருந்த வரைக்கும் சோலார் தகடு கொடுத்த கரண்ட்டையெல்லாம் அதுவே விழுங்கிக்கொண்டிருந்தது, அறுந்ததும் அந்தக் கரண்ட் நேராக ரேடியோவுக்குப் போய்விட்டது. கெட்ட பேட்டரி இன்னும் கெட்டுப்போனதால் பிழைத்த சாட்டிலைட்! எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. பேட்டரி இல்லாததால் பூமியின் நிழலுக்குள் போகும்போதெல்லாம் அது செத்துவிடும், வெயிலுக்கு வந்ததும் எழும்பும். 24 மணி நேரத்துக்கு ஒரு முறை ரேடியோ இயங்கும் விதத்தை மாற்ற உள்ளே ஒரு டைமர் உண்டு, அது ஒவ்வொரு எழும்பலிலும் முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். நேற்று என்று ஒன்று அதற்குக் கிடையாது.

அடுத்தது குலசேகரத்தில் சித்தி வீட்டுப் பசு. சினை ஊசி போட வந்த டாக்டர், பெரிய பால்கேன் மாதிரி இருந்த நைட்ரஜன் கேனின் மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழிந்து தரையில் ஓடியது. உள்ளே மைனஸ் 196 டிகிரி. இடுக்கியால் காளையின் விந்து உறைந்திருந்த ஒரு மெல்லிய குச்சியை எடுத்தார், பேனா ரீஃபிலை விடவும் ஒல்லி, அதை ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றிய வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு, துடைத்து, நுனியைக் கத்தரித்தார். "இந்தக் காளை இப்ப எங்க இருக்கு டாக்டர்?" என்று சித்தி கேட்டதற்கு, "அது செத்துப் பல வருஷம் இருக்கும் அம்மா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அந்தத் தடவையே சினை பிடித்து கிடாரிக் கன்று பிறந்தது, இப்போது அதுவும் கறக்கிறது.

என்றாவது எழுப்பலாம் என்ற நம்பிக்கையில் இறந்த மனிதர்களை உறைய வைப்பதும் இதே நைட்ரஜனில்தான். 1967 ஜனவரியில் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியரை முதன்முதலாக வைத்தார்கள், அரிசோனாவில் இன்னமும் வைத்திருக்கிறார்கள். குச்சி பிழைக்கிறது, ஆள் ஏன் பிழைக்க மாட்டார் என்று டாக்டரிடமே கேட்டேன். நின்று பொறுமையாகச் சொன்னார்: குச்சி ஒல்லியாக இருப்பதால் குளிர் எல்லா இடத்துக்கும் ஒன்றுபோலப் போகும், கிளிசரால் சேர்த்திருப்பதால் பனிப்படிகம் செல்லைக் கிழிப்பது குறையும், அப்படியும் ஏகப்பட்ட விந்தணுக்கள் செத்துத்தான் போகும், ஆனால் கோடிக்கணக்கில் இருப்பதில் ஒரு பகுதி பிழைத்தாலே சினை பிடிக்க வாய்ப்பு உண்டு. மூளைக்கு அந்தக் கணக்கு ஒத்துவருமா? பாதி செல் போனாலும் மீதியில் நான் இருப்பேன் என்று யார் சொல்ல முடியும்? 2023-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியின் கிட்னியைக் கண்ணாடி போல உறைய வைத்து, நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களால் உள்ளிருந்தே சூடேற்றி, வேறு எலிக்குப் பொருத்தி வேலை செய்ய வைத்தார்கள். அதை மனசாரப் பாராட்டுகிறேன், உறுப்பு கிடைக்காமல் சாகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனாலும் கிட்னி எதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை.

இதை நன்றாக உணர்ந்தது மார்த்தாண்டத்தில் ஒரு நண்பன் வீட்டில். அவனுடைய அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், இறந்துவிட்டார். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்களையெல்லாம் சேர்த்து, அவர் குரலிலேயே பதில் சொல்கிற மாதிரி லேப்டாப்பில் ஒரு ஏஐ செய்திருந்தான். குரல் அச்சு அசல், இருமல் முதற்கொண்டு. அவன் அம்மா அடுக்களையிலிருந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஏங்க, மேக்க இருட்டிக்கிட்டு வருதே, நாளைக்கி வெட்டு உண்டுமா?" என்று கேட்டார். அது மழைக்காலத்தில் ரப்பர் மரத்தைப் பராமரிப்பது எப்படி என்று விளக்க ஆரம்பித்தது. அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு "குரலு அவருதுதான். ஆனா அவரு முற்றத்துல எறங்கிப் பாக்காம பதில் சொல்ல மாட்டாரு மக்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நண்பன் அதை அழிக்கவில்லை, நானும் அழிக்கச் சொல்ல மாட்டேன், அந்தக் குரல் அவனுக்கு வேண்டும். ஆனால் அதை அப்பா திரும்பி வந்தார் என்று சொல்ல அவனாலும் முடியவில்லை.

கரைமடி வலையில் சொறி, அதாவது ஜெல்லி மீன், மாட்டினால் கை அரிக்கும் என்று நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தச் சொறி இனத்திலேயே டுரிடாப்சிஸ் டோர்னி என்று சில மில்லிமீட்டரே உள்ள ஒன்று, அடிபட்டால் வளர்ந்த உடம்பைக் கலைத்துவிட்டு மறுபடி குழந்தைப் பருவத்துக்கே போய்விடும். சாகாவரம் என்று எல்லோரும் எழுதுவது அதைத்தான். எனக்கு அது வேண்டாம். என் அம்மாவை அடையாளம் தெரியாத புது உடம்பு எனக்கு எதற்கு? இருக்கிற உடம்பிலேயே இன்னும் இருபது, முப்பது வருஷம், ஞாபகம் கெடாமல், மாடிப்படி ஏறுகிற முழங்காலோடு. பிரான்ஸின் ஜான் கால்மான் என்ற பெண்மணி 122 வயது வரை வாழ்ந்து 1997-ல் இறந்தார், ஆதாரத்தோடு அதைத் தாண்டியவர் இன்னும் யாரும் இல்லை. ஆராய்ச்சிப் பணம் எல்லாம் இந்தப் பக்கம் வரட்டும் என்பதுதான் என் கட்சி.

அண்ணனுக்கு இதில் உடன்பாடு இல்லை. காசு மட்டும் இருந்தால் நைட்ரஜனில் படுத்துக்கொள்ளத் தயார் என்கிறார். "நூறு வருஷம் கழிச்சு உங்கள எழுப்ப யாருண்ணே மெனக்கெடுவா?" என்று கேட்டேன். "ஏஓ-7 அடங்கி இருபத்தொரு வருஷம் கழிச்சும் ஒருத்தன் அந்தப் பேண்டுல காதை வச்சுட்டு இருந்தானா இல்லியா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனாலும் அவரோடு போய்ப் படுக்க மாட்டேன். உங்களில் யாராவது உறைவிந்து நிலையத்திலோ கிட்னி மாற்று சிகிச்சையிலோ வேலை பார்த்திருந்தால், பார்த்ததை எழுதுங்கள், அவரிடம் காட்ட வேண்டும்.