அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பில் பெரிய கிட் களஞ்சியத்தை மிரர் செய்வது எப்படி?

கேள்வி

வணக்கம். எங்கள் குழுவின் உள் சர்வரில் சில திறந்த மூலக் கிட் (நிரல்களின் மாற்ற வரலாற்றைப் பேணும் கருவி) களஞ்சியங்களின் முழுப் பிரதிகளைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. சிறிய களஞ்சியங்களில் சிக்கல் இல்லை. பல ஜிபி அளவுள்ள ஒன்றை மட்டும் மிரர் விருப்பத்துடன் (எல்லாவற்றையும் அப்படியே பிரதியெடுக்கும் முறையில்) குளோன் செய்யும்போது, பாதிக்கு மேல் வந்த நிலையில் இணைப்பு அறுந்து, 'ஏர்லி இஓஎஃப்', 'இண்டெக்ஸ்-பேக் ஃபெயில்டு' என்ற பிழைச் செய்திகளுடன் நின்றுவிடுகிறது. மறுபடி இயக்கினால் முதலிலிருந்தே தொடங்குகிறது. போஸ்ட்பஃபர் என்ற கிட் அமைப்பின் அளவை உயர்த்துமாறு பல இடங்களில் எழுதியிருந்ததால் அதையும் செய்து பார்த்தேன், பயனில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர வழி உண்டா? நடுவில் அறுவதால் ஏற்கெனவே எடுத்துவைத்த மிரர்கள் கெட்டுவிடுமா?

மறுமொழி 1

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: கெடாது. ஃபெட்ச் (மூலத்திலிருந்து தரவை எடுத்தல்) நடக்கும்போது பேக் கோப்பு (தரவைச் சுருக்கிக் கட்டிய பொதி) முழுமையாக வந்து, சரிபார்க்கப்பட்ட பிறகுதான் பிரான்ச்களும் (வளர்ச்சிக் கிளைகள்) டேக்குகளும் (பதிப்புகளுக்கு இடும் பெயர்க்குறிகள்) நகர்த்தப்படுகின்றன. நடுவில் அறுந்தால் பேக் அடைவில் 'டிஎம்பி_பேக்' என்று தொடங்கும் பயனற்ற கோப்புகள் தங்கி இடத்தை அடைக்கலாம், அவ்வளவுதான்.

விட்ட இடத்திலிருந்து தொடர முடியாமைக்குக் காரணம், அந்தப் பேக் கோப்பு சர்வரில் ஆயத்தமாகக் கிடப்பதில்லை என்பதே. நீங்கள் கேட்கும் கணத்தில் சர்வர் அதைக் கட்டுகிறது. அடுத்த முறை கட்டும்போது அதே பொருள்கள் வேறு வரிசையில், வேறு டெல்டாக்களாக (வேறுபாட்டுப் பதிவுகளாக) அமையக்கூடும் என்பதால், பழைய பாதியோடு புதிய பாதியை ஒட்ட இயலாது. போஸ்ட்பஃபர் என்பது நம் பக்கத்திலிருந்து சர்வருக்கு அனுப்பும் தரவைப் பற்றியது. பெரிய புஷ் செய்யும்போது உதவக்கூடும், குளோனுக்கு அதனால் எதுவும் ஆகாது.

ஆகவே முடிக்கக்கூடிய அளவுள்ள துண்டுகளாகக் கேட்பதே வழி. வெறும் 'பேர்' களஞ்சியம் (வேலைக் கோப்புகள் இன்றி வரலாறு மட்டும் உள்ளது) ஒன்றைத் தொடங்கி, மூலத்தின் முகவரியை மிரர் ரிமோட்டாகச் சேர்த்துக்கொண்டு, மிகப் பழைய டேக்கை மட்டும் முதலில் ஃபெட்ச் செய்யுங்கள். பிறகு அடுத்த டேக், அதன்பின் அடுத்தது எனக் கால வரிசையில் செல்லுங்கள். முடிந்த ஒவ்வொரு ஃபெட்ச்சும் உங்கள் வட்டில் நிலைத்துவிடும். அடுத்த முறை கிட் தன்னிடம் உள்ள கமிட்டுகளை (பதிந்த மாற்றங்களை) சர்வரிடம் சொல்லி, இல்லாதவற்றை மட்டும் பெறும். எடுத்துக்காட்டாக, லினக்ஸ் கெர்னலின் கிட் வரலாறு 2005 ஏப்ரலில் 2.6.12-ஆர்சி2 பதிப்போடு தொடங்குகிறது. அங்கிருந்து டேக் டேக்காக ஏறி வரலாம். எல்லா டேக்குகளும் வந்தபின் ஒரு முழு ஃபெட்ச் மீதியை எடுத்துவிடும். டெப்த் விருப்பத்தில் அண்மை வரலாற்றை மட்டும் சிறிது எடுத்துப் படிப்படியாக ஆழப்படுத்துவதும் உண்டு. ஆனால் கடைசிப் படி முடியும்வரை களஞ்சியம் குறைவரலாற்றோடு இருக்கும் என்பதால், டேக்குகள் போதுமான அளவு இருக்கும் களஞ்சியங்களில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மறுமொழி 2

நல்ல இணைப்புள்ள வேறொரு சர்வர் உங்களுக்குக் கிடைக்குமானால், பண்டில் வழி இதைவிட எளிது. அங்கே மிரர் எடுத்து, எல்லாக் குறிப்புகளையும் (பிரான்ச், டேக் பெயர்கள்) அவற்றின் வரலாற்றோடு சேர்த்து ஒரே பண்டில் கோப்பாக்கினால், அது சாதாரணக் கோப்புதான். டபிள்யூகெட் என்ற பதிவிறக்கக் கட்டளையின் தொடர்தல் விருப்பத்தாலோ, ஆர்சிங் என்ற நகலெடுக்கும் கருவியின் பார்ஷியல் விருப்பத்தாலோ எத்தனை முறை அறுந்தாலும் தொடரலாம். பதிவிறக்கம் முடியும்வரை அந்தக் கோப்பை மறுபடி உருவாக்காதீர்கள். மேலே நண்பர் சொன்ன அதே காரணத்தால், இடையில் மாறிய கோப்பை டபிள்யூகெட் தொடர்ந்தால் கிடைப்பது குப்பையாகவே இருக்கும். கோப்பின் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகையை இரு முனையிலும் ஒப்பிட்டபின், பண்டிலிலிருந்து மிரர் குளோன் செய்து, ரிமோட் முகவரியை உண்மையான மூலத்துக்கு மாற்றி ஃபெட்ச் செய்தால், பண்டில் உருவான பிறகு நடந்த மாற்றங்கள் மட்டுமே வரும். லினக்ஸ் கெர்னலுக்கு இத்தகைய பண்டிலைக் கெர்னல்.ஆர்க் தளமே தருகிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. வெளியில் சர்வர் இல்லாததால் டேக் வழியையே பின்பற்றுகிறேன். பழைய டேக்குகள் வந்துகொண்டிருக்கின்றன. இதன்பின் கிரானில் (குறித்த நேரங்களில் கட்டளைகளைத் தானே இயக்கும் கருவி) ஃபெட்ச்சை ஓடவிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்? சில நேரங்களில் இணைப்பு அறுவதும் இல்லை, தரவு வருவதும் இல்லை. கட்டளை அப்படியே தொங்கி நிற்கிறது.

மறுமொழி 3

தொங்குவதற்கு லோஸ்பீடுலிமிட், லோஸ்பீடுடைம் என்ற இரு எச்டிடிபி அமைப்புகள் உள்ளன. முதலாவதை 1000 என்றும் இரண்டாவதை 300 என்றும் வைத்தால், விநாடிக்கு 1000 பைட்டுக்குக் குறைவான வேகம் 300 விநாடிகள் நீடித்ததும் கிட் தானே விலகிக்கொள்ளும். நேரத்தை 30 விநாடி போல மிகவும் குறைத்துவிடாதீர்கள். பெரிய களஞ்சியத்தில் சர்வர் பொருள்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது ஏறக்குறைய ஒன்றும் வராது, அதைத் தேக்கமென்று கருதி ஒவ்வொரு முறையும் நீங்களே அறுத்துக்கொண்டிருப்பீர்கள். எச்டிடிபிக்குப் பதில் எஸ்எஸ்எச் வழி என்றால் சர்வர்அலைவ்இன்டர்வல் என்ற அமைப்பு அந்த வேலையைச் செய்யும். முந்தைய ஃபெட்ச் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி எஃப்லாக் கட்டளை கொண்டு பூட்டிவிடுங்கள்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப்படுவது புரூன் விருப்பம். மிரர் என்பது மூலத்தில் நடப்பதை அப்படியே பின்பற்றும். அங்கே ஒருவர் ஃபோர்ஸ் புஷ் செய்தால் (பழைய வரலாற்றின் மேல் புதியதை வலிந்து ஏற்றினால்) உங்கள் பிரதியிலும் பழைய கமிட்டுகள் குறிப்பை இழக்கும், புரூனும் சேர்ந்தால் அங்கே அழிந்த பிரான்ச் இங்கேயும் அழியும். 'பேர்' களஞ்சியத்தில் ரெஃப்லாக் (குறிப்புகள் முன்பு எங்கே இருந்தன என்ற பதிவு) இயல்பாக இயங்குவதில்லை. லாக்ஆல்ரெஃப்அப்டேட்ஸ் அமைப்பை 'ஆல்வேஸ்' என மாற்றினால் ஃபோர்ஸ் புஷ்ஷுக்கு முந்தைய நிலையை மீட்கலாம். பிரான்ச் அழிந்தால் அதன் ரெஃப்லாகும் கூடவே போய்விடுவதால், பாதுகாப்பு நோக்கில் வைக்கும் பிரதியில் புரூனைத் தவிர்ப்பதே நல்லது.

களஞ்சியம் எல்எஃப்எஸ் (பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் நீட்சி) பயன்படுத்துகிறதா என்றும் பாருங்கள். மிரர் குளோனில் அந்தப் பெரிய கோப்புகளின் சுட்டிகள் மட்டுமே வரும். உள்ளடக்கத்தை 'எல்எஃப்எஸ் ஃபெட்ச்' கட்டளையில் 'ஆல்' விருப்பம் கொடுத்துத் தனியாக எடுக்க வேண்டும்.