யாழ்ப்பாணம் கோண்டாவில் வீடு – குடும்பக் குழு

மாமி: தர்சி, மாமாவுக்கு வாழைக்குலை தூக்கி நாரி பிடித்துவிட்டது. டொக்டர் தந்த குளுசையை இரவு போட்டவர். விடிய எழும்பும்போது தலை சுற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தர்சி: மட்டையில் என்ன பெயர் மாமி?

மாமி: டிசானிடின், 2 மில்லிகிராம்.

தர்சி: தசை இறுக்கத்தை இளக்கிற குளுசை. நித்திரை வரும், பிரஷரும் இறங்கும். மாமா வேறு என்ன போடுகிறார்?

மாமா: வழமையான பிரஷர் குளுசைதான். எனக்கு ஒன்றுமில்லை. திருநெல்வேலிச் சந்தைக்குப் போகவேண்டும், மாமி ஸ்கூட்டித் திறப்பை ஒளித்துவிட்டா.

தர்சி: மாமி செய்தது சரி.

மாமி: சலக்கடுப்புக்கு வேறு டொக்டர் தந்ததும் இன்னும் முடியவில்லை. சிப்ரோபுளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக்.

தர்சி: ஐயோ. மாமா, டிசானிடினை இனிப் போடவேண்டாம். இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. டிசானிடினை உடைத்து வெளியேற்றுவது ஈரல். சிப்ரோ அந்த வேலையை மறிக்கும். இரத்தத்தில் மருந்து சராசரியாகப் பத்து மடங்கு கூடுமென்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நீங்கள் போட்ட 2, உடம்புக்கு ஏறத்தாழ 20 மாதிரி.

மாமா: டொக்டர் சொல்லவில்லையே?

தர்சி: சிப்ரோ போடுகிறதை அவருக்குச் சொன்னீர்களா?

மாமா: நாரிக்குப் போன இடத்தில் சலக்கடுப்புக் கதை எதற்கு?

மாமி: இவர் இப்படித்தான். பக்கத்து வீட்டு மெஷினில் பார்த்தோம், 98/60.

தர்சி: பிரஷர் குறைவு. படுத்திருக்கட்டும். எழும்பும்போது கட்டிலில் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்புங்கோ. டொக்டருக்கு உடனே போன் எடுத்து இரண்டு பெயரையும் சொல்லுங்கோ, இன்றைய பிரஷர் குளுசையையும் கேட்டுவிட்டுப் போடுங்கோ. சிப்ரோவை நீங்களாக நிற்பாட்டவேண்டாம். மயங்கினால், எழுப்பியும் எழும்பாவிட்டால் 1990 அம்புலன்சுக்குப் போன் எடுங்கோ. அதுக்குக் காசு கட்டத் தேவையில்லை.

பெரியம்மா: அப்ப நானும் நிற்பாட்டட்டோ? பாரிசவாதத்துக்குப் பிறகு கால் இறுக்கத்துக்கு பக்லோபென் போடுகிறேன்.

தர்சி: இல்லை பெரியம்மா, நீங்கள் விடவே கூடாது! பக்லோபெனைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம். குறைப்பதென்றால் டொக்டர் படிப்படியாகக் குறைப்பார். முடியமுதலே கிளினிக்கில் எடுத்து வையுங்கோ. அது சிறுநீரகத்தால் வெளியேறுகிற மருந்து, அதனால் இரத்தப் பரிசோதனையையும் தவறவிடாதீங்கோ.

மாமா: பின்னேரம் கொஞ்சம் கள்ளு?

தர்சி: மாமா!! கள்ளு, சாராயம், சளிக்குப் போடும் பிரிற்றன் எல்லாம் இந்தக் குளுசையின் மயக்கத்தைக் கூட்டும்.

மாமி: டொக்டர் டிசானிடினை நிற்பாட்டச் சொல்லிவிட்டார். நோவுக்கு பரசிட்டமோல், சுடுதண்ணி ஒத்தடம். பின்னேரம் திரும்பப் பிரஷர் பார்த்துச் சொல்லட்டாம். மாமாவுக்கு நல்ல பேச்சும் விழுந்தது. மிச்சக் குளுசையைக் குஞ்சியம்மா தனக்கும் நாரி நோவென்று கேட்கிறா. கொடுக்கட்டோ?

தர்சி: வேண்டாம் மாமி. அவவுக்கு ஏற்கெனவே ஈரல் வருத்தம், டிசானிடின் ஈரலையும் தாக்கும்.