ஜாம்பி ஆக்‌ஷன் அனிமே: எல்லாமே மிகை என்று தெரிந்தும் ஏன் விட முடியவில்லை?

மூன்றாம்சாமம்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி, இங்கே கேட்டால் யாராவது விவரமாகச் சொல்வீர்கள் என்று போடுகிறேன்.

பொதுவாக எனக்கு ஜாம்பி படங்கள் மேல் ஈடுபாடு கிடையாது. இருட்டு வீடு, கதவுக்குக் குறுக்கே பலகை அடிப்பது, ஒவ்வொருவராகக் கடிபட்டுப் போவது, இதெல்லாம் பார்த்தால் மனசு கனத்துப்போகும், பாதியில் நிறுத்திவிடுவேன். அதே ஜாம்பியை அனிமேயில் (ஜப்பானிய அனிமேஷன்), அதுவும் அளவு கணக்கே இல்லாமல் அடித்து நொறுக்கும் வகையில் எடுத்திருந்தால் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறேன். போன வாரம் 'கபானேரி ஆஃப் தி அயர்ன் ஃபோர்ட்ரஸ்' மறுபடி எடுத்தேன். முதல் எபிசோடிலேயே நாயகன் இகோமாவின் கையை ஒரு ஜாம்பி கடித்துவிடுகிறது. அவன் சாகத் தயாராக இல்லை. கடிபட்ட கையில் இரும்பை இறக்குகிறான், வைரஸ் மேலே ஏற ஏற அதைத் துரத்திக்கொண்டே போய்க் கழுத்தை இறுக்கி மூளைக்குப் போகவிடாமல் தடுக்கிறான், அடித்தொண்டையிலிருந்து கத்திக்கொண்டே. நிஜத்தில் எந்த வைரஸும் இப்படி நிற்காது. தெரிந்துதான் பார்க்கிறேன், இருந்தும் அந்த இடத்தில் உட்கார முடியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

இதில் அப்படி என்ன இருக்கிறது? கதையா, வரைந்த விதமா, இசையா? 'மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்' என்ற பதில் மட்டும் வேண்டாம். நான் அப்படிக் கழற்றி வைத்துவிட்டுப் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வரைகோடு:

நல்ல கேள்வி. நான் அனிமேஷன் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் என்னைப் பொறுத்தவரை பாதி பதில் அங்கேதான் இருக்கிறது.

திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். ஆனால் டிவி அனிமேயில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதுப்படம் வரைய மாட்டார்கள், கட்டுப்படியாகாது. ஒரே படத்தை இரண்டு அல்லது மூன்று ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள், அதாவது நொடிக்கு 12 படம், 8 படம். பேச்சுக் காட்சியில் வாய் மட்டும்தான் அசையும். அப்படி மிச்சம் பிடித்த உழைப்பை எல்லாம் கொண்டுபோய்ச் சண்டையில் கொட்டுவார்கள். அதனால்தான் சண்டை ஆரம்பித்ததும் கண்ணுக்குத் திடீரென்று காற்று வந்த மாதிரி இருக்கும். அடி விழும் இடத்தில் ஓரிரு ஃபிரேம் மட்டும் நிறம் தலைகீழாகி வெறும் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு படம் வந்து போகும், கவனித்திருக்கிறீர்களா? இம்பாக்ட் ஃபிரேம் என்பார்கள். தனியாகப் பார்ப்பதற்குள் போய்விடும், ஆனால் அடி எவ்வளவு பலமாக விழுந்தது என்பதை அதுதான் உடம்புக்குச் சொல்கிறது.

இதில் ஜாம்பிக்கு என்று ஒரு தனி வசதி இருக்கிறது. மனித உடம்பை வரையும்போது மூட்டு எப்படி மடங்கும், எடை எந்தக் காலில் நிற்கும் என்று அனிமேட்டர் கணக்குப் பார்த்தாக வேண்டும். ஜாம்பிக்கு வலி கிடையாது, பயம் கிடையாது, தப்பிக்கும் எண்ணமே கிடையாது. முதுகுப் பக்கமாக வளைத்து ஓடவிடலாம், கை போன பிறகும் பாயவிடலாம், கூட்டமாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி அலை மாதிரி புரளவிடலாம். நிஜ நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் ஸ்டண்ட் கலைஞரின் எலும்புக்கு ஓர் எல்லை உண்டு. இங்கே வரைபவருக்குப் பொறுமை எதுவரையோ அதுவரை போகலாம்.

கபானேரி பற்றி இன்னொன்று. பாத்திர வடிவமைப்பு ஹருஹிகோ மிகிமோட்டோ, 1982இல் வந்த மேக்ராஸ் தொடருக்கு வரைந்தவர். அவருடைய அந்தக் காலத்து ஓவியப் பூச்சு அப்படியே வரவேண்டும் என்பதற்காக, முகம் நெருங்கி வரும் ஷாட்களில் கன்னம், உதடு, கண்ணிமை எல்லாவற்றிலும் மெருகேற்ற மேக்கப் அனிமேட்டர் என்றே தனியாக ஆட்களை வைத்தார்கள். நாயகி முமேயின் முகம் முழுத்திரையில் வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள், சண்டைக்கு நடுவே ஒரு ஓவியம் நிற்கும். யாரும் கேட்காத இடத்தில்கூட இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். அந்த மெனக்கெடல்தான் மிகையைத் தாங்கிப் பிடிக்கிறது.

அச்சாணி:

வரைகோடு சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் நன்றாக வரைந்தும் சலிப்புத் தட்டிய சண்டை எத்தனையோ பார்த்திருக்கிறோமே. எனக்குத் தோன்றுவது வேறு. இந்த வகையில் நிற்பவை எல்லாம் ஒரே ஒரு விதியை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, மற்ற அத்தனையையும் அவிழ்த்துவிடுகின்றன.

கபானேரியை எடுங்கள். இதயத்தைச் சுற்றி இரும்புப் படலம், அது உடையாமல் கபானே (இதில் ஜாம்பிக்கு அதுதான் பெயர்) சாகாது. அவ்வளவுதான் விதி. நெஞ்சுக்குள் ஒளிரும் அந்த இதயம் நமக்கும் தெரிந்துகொண்டே இருப்பதால், எங்கே அடிக்க வேண்டும் என்று நாமும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். சாதாரண நீராவித் துப்பாக்கிக்கு அந்தப் படலம் சுலபத்தில் மசியாது, இகோமா செய்து வைத்திருக்கும் ஆயுதமோ கிட்டே போய் நெஞ்சோடு வைத்து அழுத்த வேண்டியது. ஆக ஒவ்வொரு முறையும் அவன் கடிபடும் தூரத்துக்குப் போயே ஆக வேண்டும். ரயில் ஒன்று நிலையத்தை இடித்துக்கொண்டு வரட்டும், ஒரு சின்னப் பெண் காற்றில் சுழன்று பத்துப் பேரைச் சாய்க்கட்டும், எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்த விதியை மட்டும் அவர்கள் ஏமாற்றக் கூடாது.

'ஹைஸ்கூல் ஆஃப் தி டெட்' 2010இல் வந்தது, அதிலும் இதேதான். அதில் வருபவற்றுக்குக் கண் தெரியாது, சத்தம் மட்டும்தான். இதைக் கண்டுபிடிக்க ஈரத் துணியை எறிந்து சோதிக்கும் காட்சி ஒன்று உண்டு, பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். துணி மேலேயே வந்து விழுந்தாலும் அது அசையாது, வேறு எங்கோ சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் திரும்பும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு கதவு கிரீச்சிட்டாலே நமக்குக் குலை நடுங்கும். ஆணி அடிக்கும் இயந்திரத்தை ஹிரானோ என்ற மாணவன் துப்பாக்கியாக மாற்றிக்கொண்டு வரும்போது கைதட்டத் தோன்றுகிறது என்றால், பயத்தை ஒழுங்காகக் கட்டி வைத்ததால்தான்.

இரண்டையும் இயக்கியவர் ஒருவரே, டெட்சுரோ அராகி. நடுவில் 2013இல் 'அட்டாக் ஆன் டைட்டன்' முதல் சீசனும் அவர்தான். மனிதனைத் தின்ன வரும் கூட்டம், சுவர், கத்தல், வானளாவிய இசை, அந்த ஆளுடைய கை எங்கே பட்டாலும் தெரியும்.

தூரிகைமுனை:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஹைஸ்கூல் ஆஃப் தி டெட் பற்றிப் பேசும்போது எல்லோரும் அந்த முதல் இரண்டு எபிசோடை மட்டும் சொல்வீர்கள். அதற்குப் பிறகு கேமரா பள்ளி மாணவிகளை எப்படிப் பார்க்கிறது என்பதை ஏன் யாரும் சொல்வதில்லை? பக்கத்தில் ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது ஷாட் போகிற இடத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, பயம் அந்த நொடியே செத்துவிடுகிறது. இதையும் மிகையின் அழகு என்று ஒரே கணக்கில் சேர்ப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆணித் துப்பாக்கியில் இருக்கும் மிகை கதையை முன்னே தள்ளுகிறது. இது கதையை நிறுத்தி வைக்கிறது. கதையும் முடியவில்லை, எழுதிய டைசுகே சாடோ 2017இல் காலமானதால் மூலமான மங்காவே (ஜப்பானிய காமிக்ஸ்) பாதியில் நிற்கிறது, புதிதாகப் பார்க்க வருபவர்களிடம் அதையாவது முதலில் சொல்லுங்கள்.

கபானேரியும் கடைசிவரை நிற்கவில்லை. 12 எபிசோடில் பிற்பாதி பீபா என்ற மனித வில்லன் கைக்குப் போய்விடுகிறது. அவன் வந்ததும் கபானே எல்லாம் பின்னணிப் படுதா ஆகிவிடுகின்றன. அச்சாணி சொன்ன விதி அங்கே தளர்ந்துபோவது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அச்சாணி:

@தூரிகைமுனை, கோபம் எல்லாம் இல்லை. கேமரா விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, ஒருவருக்கு அதைப் பரிந்துரைக்கும்போது நானும் தயங்குகிறேன். பீபா விஷயத்திலும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முதல் பாதிக்காகவே அதை நான் விட மாட்டேன்.

விடுப்புக்கடிதம்:

யாருமே 'ஸோம் 100' பேச்சை எடுக்கவில்லையே! மூன்றாம்சாமம், உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் அதில்தான் இருக்கிறது என்பேன்.

2023இல் வந்த அனிமே. அகிரா என்று ஒருவன், ஆளைப் பிழிந்தெடுக்கும் கம்பெனியில் மூன்று வருடமாக வேலை. முதல் எபிசோடின் ஆரம்பத்தில் அந்த ஆபீஸ் வாழ்க்கை குறுகலான திரையில், நிறம் வெளுத்துப்போய் ஓடும். நடைப்பிணம் என்றால் அது அவன்தான், நிஜ ஜாம்பி அப்புறம்தான் வருகிறது. ஒரு நாள் காலையில் ஊரே ஜாம்பி. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறான், ஓடும்போதே அவனுக்கு உறைக்கிறது, இனிமேல் ஆபீஸ் போக வேண்டாம். அந்த நொடியில் திரை முழுதாக விரிகிறது, நிறம் பொங்கிக்கொண்டு வருகிறது, ரத்தம்கூடச் சிவப்பாக இல்லை, பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி விதவிதமான வண்ணம். நான் அதைப் பார்த்தபோது இருந்த வேலை அப்படிப்பட்டது, அதனால் சொல்கிறேன், அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. உலகம் அழிவதைக் கண்டு ஒருவன் துள்ளிக் குதிப்பது எவ்வளவு பெரிய மிகை. ஆனால் ஞாயிறு சாயங்காலம் வயிற்றைப் பிசைந்த அனுபவம் உள்ள யாரையும் கேளுங்கள், அடக்கி வாசித்திருந்தால் இது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

விதி பற்றி அச்சாணி சொன்னதும் இங்கே பொருந்துகிறது. மீன்காட்சியகத்தில் ஒரு சுறா வரும். ஜாம்பிகளை விழுங்கிய சுறா, விழுங்கியவர்களின் கால்கள் அதன் உடம்பைக் கிழித்துக்கொண்டு வெளியே முளைத்து, அந்தக் கால்களால் தரையில் ஓடி வந்து துரத்தும். இதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம் கிடையாது. ஆனால் அகிரா அதன் முன்னால் போய் நிற்கும்போது போட்டிருப்பது சுறாக் கடியைத் தாங்கும் சங்கிலிப் பின்னல் உடை. கடித்தால் பரவும் என்பதுதான் விதி, பல் இறங்காத உடை போட்டால் பரவாது! எவ்வளவு சிம்பிள். சின்ன வயதில் சூப்பர்ஹீரோ ஆக ஆசைப்பட்டவன் அன்றைக்கு ஆகிவிடுகிறான். சிரித்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்த எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம்சாமம்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

விடுப்புக்கடிதம் சொன்னதைப் படித்த பிறகு இகோமா காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவன் அந்த ஆயுதத்தை அன்றைக்குத் திடீரென்று செய்யவில்லை, யாரும் மதிக்காதபோதே தனியாக உட்கார்ந்து செய்து வைத்திருந்தான். கபானே தன்னைத் தேடி வரும் நாளுக்காகக் காத்திருந்தவன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கத்தலில் வலியைவிட 'இந்தத் தடவை ஓட மாட்டேன்' என்பதுதான் எனக்குக் கேட்டது. மனசு கனக்கும் படங்களில் எனக்குக் கிடைக்காதது இதுதான் போலிருக்கிறது, அங்கே எவ்வளவு போராடினாலும் கடைசியில் கதவு உடைந்துவிடும்.

@வரைகோடு, இம்பாக்ட் ஃபிரேமை நிறுத்தி நிறுத்தித் தேடினேன், கிடைத்தது. இனிமேல் எல்லாச் சண்டையிலும் அதைத்தான் தேடுவேன் போல.

ஒரு கேள்வி பாக்கி. இந்தப் பக்கமே வராத ஒருவருக்கு முதலில் எதைக் காட்டுவது?

விடுப்புக்கடிதம்:

ஸோம் 100 முதல் எபிசோட். வேறு எதுவும் சொல்லாமல் போட்டுவிடுங்கள்.

தூரிகைமுனை:

நானும் அதையே சொல்வேன். பிடித்திருந்தால் கபானேரி முதல் ஆறு எபிசோட், விளக்கை அணைத்துவிட்டு, சத்தத்தை நன்றாக வைத்து. ஹிரோயுகி சவானோவின் இசையை போன் ஸ்பீக்கரில் கேட்க வைத்துவிடாதீர்கள்.