சுழற்கீறலா, துடைகீறலா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பட்டறை வாத்தியார் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி நிலையத்தில் வண்டிப் பெயின்டிங் எடுக்கிறேன். ஆங்கிலத்தில் இருக்கும் பன்னிரண்டு பக்கப் பாடக்குறிப்பைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். கருப்பு, கருநீலம் மாதிரி அடர்நிற வண்டிகளின் பூச்சைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும், அப்புறம் அதைக் காப்பாற்றுவதும்தான் பாடம். பட்டி, உப்புத்தாள், பிரைமர் வரைக்கும் வம்பில்லை. மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று, ஸ்வர்ல் மார்க். கருப்பு வண்டியை வெயிலில் நிறுத்தினால் பானெட்டில் சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி நூல்நூலாகக் கோடு தெரியுமே, அது. இரண்டு, கிளியர் கோட், நிறத்துக்கு மேலே அடிக்கிற நிறமில்லாத பூச்சு. மூன்றாவதுதான் பெரிய தலைவலி: பாலிஷும் வாக்ஸும். நம் ஊரில் இரண்டுக்கும் 'பாலிஷ் போடுறது' என்றே பெயர். முதலாவது பூச்சைக் கொஞ்சம் சீவி எடுப்பது, இரண்டாவது அதன் மேல் ஒன்றைத் தடவுவது. நேரெதிரான வேலைகள். போன வருடம் ஒரு பையனிடம் 'பாலிஷ் போடுடா' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். நான் நினைத்தது வாக்ஸ். அவன் காம்பவுண்டை, அதாவது பூச்சைச் சீவும் பசையை, எடுத்து மெஷினில் பஃப் அடித்துக்கொண்டிருந்தான், கதவு ஓரத்தில் அடிநிறம் தெரிகிற வரைக்கும். வண்டி என்னுடையது என்பதால் பிழைத்தான்.

ஓலைக்கட்டு எழுதியது:

வாத்தியார் அவர்களே, தமிழிலேயே வைத்துக்கொண்டு தேடுகிறீர்கள். மெருகு, மெழுகு. ஓரெழுத்துதான் வித்தியாசம். மெருகு என்பது தேய்த்து வரவழைப்பது, மெழுகு என்பது பூசுவது. சாணியால் தரையை மெழுகுகிறோம், மெருகுவதில்லை. 'மெருகு குலையாமல்' என்று பேச்சில் இன்னும் இருக்கிறது. என் எண்ணத்தில் இரண்டும் 'மெல்' என்ற ஒரே அடியிலிருந்து கிளைத்தவை, ழகரம் ரகரமாகத் திரிந்திருக்க வேண்டும். மெல், மென்மை, மெழுக்கு, மெழுகு, மெருகு என்று வரிசை கட்டினால்...

(இதற்குப் பிறகு ஐயா வேர்ச்சொல் பற்றி நாற்பது வரி எழுதியிருந்தார். மறுமொழி நீளாமல் இருக்க வெட்டிவிட்டேன். கூலி மொழிபெயர்ப்பாளர்.)

கூலி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, வேர் ஒன்றா இரண்டா என்பதற்குள் போகவில்லை. ஆனால் ஓரெழுத்து வித்தியாசம்தான் சிக்கலே. ழகரத்தை யகரமாகவும் ளகரமாகவும் சொல்கிற பையன்கள் நிறைந்த வகுப்பில், மெஷின் சத்தத்துக்கு நடுவே 'மெருகு போடு', 'மெழுகு போடு' என்று கத்திப் பாருங்கள். இன்னொரு கதவு போய்விடும்.

எனக்குத் தோன்றுவது 'தீட்டு'. அரிசியைப் பட்டை தீட்டுகிறோம். தீட்டத் தீட்ட வெள்ளையாகும், தவிடும் போகும். பாலிஷில் நடப்பதும் அதுதானே? தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும், பூச்சும் மெலியும். அரிசி மில் பார்த்த பையனுக்கு விளக்கமே வேண்டாம். பாலிஷ் = தீட்டல், வாக்ஸ் = மெழுகுப்பூசல்.

நற்றமிழ் எழுதியது:

பூசல் என்றால் சண்டை, தோழர். மெழுகுக்கும் யாருக்கும் என்ன சண்டை?

'தீட்டு' என்று தனியாகத் தலைப்பு போட்டாலும் வில்லங்கம். 'வண்டித் தீட்டு' என்று படித்தால் வண்டி வீட்டில் யார் போய்விட்டார்கள் என்று கேட்பார்கள். தீட்டல் என்று முழுசாகவே எழுதுங்கள், மற்றது மெழுகுப்பூச்சு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பாடத் தலைப்பில் 'கார்' என்று இருக்கிறது. மகிழுந்து என்று நல்ல சொல் இருக்கும்போது ஏன் இந்த இரவல்?

பட்டறை வாத்தியார் எழுதியது:

தீட்டல், மெழுகுப்பூச்சு இரண்டையும் எடுத்துக்கொண்டேன், நன்றி. மகிழுந்தை விட்டுவிடுங்கள், ஐயா. பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பானெட்டை நாலு மணி நேரம் தேய்ப்பவனிடம் அது மகிழுந்து என்று என்னால் சொல்ல முடியாது.

ஓலைக்கட்டு எழுதியது:

கார் இரவல் என்று யார் சொன்னது? கார் என்றால் கருமை. கார்மேகம், கார்காலம், கார்வண்ணன். வாத்தியாரின் பாடமே கார்நிறக் காரைப் பற்றியது. வெள்ளை வண்டிக்கு வேண்டுமானால் நற்றமிழ் வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும்.

நற்றமிழ் எழுதியது:

இது சிலேடை ஐயா, சொற்பிறப்பு இல்லை. உங்களுக்கே தெரியும். வடசொல், திசைச்சொல் என்று தொல்காப்பிய எச்சவியல் சூத்திரத்தோடு அடுத்து வரப்போகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

கூலி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வெள்ளிக்கிழமை, நண்பர்களே.

கிளியர் கோட்டை முடிப்போம். 'தெளிபூச்சு' என்றால் என்ன? தெளிந்த பூச்சு என்றும் கொள்ளலாம், தெளித்த பூச்சு என்றும் கொள்ளலாம். ஸ்பிரே கன்னில் தெளித்துத்தானே அடிக்கிறார்கள். வினைத்தொகை என்பதால் இரண்டுமே அதற்குள் அடங்கும்.

ஓலைக்கட்டு எழுதியது:

'பளிங்குப்பூச்சு' என்பதே என் வாக்கு. 'அடுத்தது காட்டும் பளிங்கு' என்று குறளில் வருகிறதே. கீழே உள்ள நிறத்தைக் காட்டிக்கொண்டு தான் தெரியாமல் இருப்பதுதானே இந்தப் பூச்சின் வேலை? தெளிபூச்சு என்றால் வாசல் தெளிப்பது நினைவுக்கு வருகிறது.

பட்டறை வாத்தியார் எழுதியது:

பளிங்கு என்றால் பையன்களுக்கு மார்பிள் தரை, ஐயா. கெட்டியான, தடிமனான சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு தைரியமாகத் தேய்ப்பான். உண்மையில் கம்பெனியில் அடித்து வருகிற மொத்தப் பூச்சும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான், அதில் இந்த மேல்பூச்சு 40, 50 இருந்தால் பெரிது. தலைமுடி ஒன்றே ஏறத்தாழ 70 இருக்கும். காம்பவுண்ட் போட்டு ஒரு சுற்று வந்தால் சில மைக்ரான் போய்விடும், திரும்ப வராது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்குவதும் இதுதான். ரொம்ப மெலிந்துவிட்டால் கொஞ்ச காலத்தில் வெளுத்துத் தோலுரிய ஆரம்பிக்கும். அதனால்தான் மீட்டர் வைத்துத் தடிமன் பார், எந்தக் கீறலையும் முழுசாக எடுக்க நினைக்காதே, ஓரங்களில் டேப் ஒட்டு, முதலில் ஓரடிச் சதுரத்தில் மெல்லிய பாலிஷால் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய் என்று பாடத்தில் நாலு இடத்தில் எழுதியிருக்கிறது. தெளிபூச்சு இருக்கட்டும்.

ஸ்வர்லுக்கு வாருங்கள். நான் 'சுழல்கீறல்' என்று போட்டு வைத்திருக்கிறேன்.

நற்றமிழ் எழுதியது:

சுழற்கீறல். சுழல் பெயர்ச்சொல்லானால் லகரம் றகரமாகும். சுழல்கீறல் என்றால் வினைத்தொகை, சுழல்கின்ற கீறல். கீறலா சுழல்கிறது?

இயற்பியல் டீச்சர் எழுதியது:

இத்தனை நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இனி முடியவில்லை. கீறல் சுழலவும் இல்லை, அங்கே சுழலும் இல்லை. வட்டமே கிடையாது!

அவை எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கும் நேர்க்கீறல்கள்தான். சூரியனோ விளக்கோ பிரதிபலிக்கும் புள்ளியைச் சுற்றி மனதில் ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குத் தொடுகோடாகக் கிடக்கும் கீறல் மட்டுமே ஒளியை உங்கள் கண் பக்கம் திருப்பும், மற்றவை அங்கேயே இருந்தும் தெரியாது. தெரிகிறவற்றை மட்டும் கண் கோத்து வட்டமாக்கிக்கொள்கிறது. தலையை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். வண்டி இல்லாதவர்கள் பல வருடம் தேய்த்த எவர்சில்வர் தட்டை ஒற்றை பல்புக்குக் கீழே பிடித்தால் போதும். குழல்விளக்கு நிறைந்த ஷோரூமில் இது தெரியாமல் போவதும் இதனால்தான், பெட்ரோல் பங்கில் ராத்திரி ஒற்றை விளக்கடியில் நிறுத்தும்போது மனசு உடைவதும் இதனால்தான்.

கருப்பில் மட்டும் ஏன் இவ்வளவு? வெள்ளைப் பூச்சு தானே ஏராளமான ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கிறது, கீறலின் ஒளி அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். கருப்பு கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விழுங்கிவிடுவதால், கீறல் திருப்பும் கொஞ்சூண்டு ஒளியும் தனியாக நிற்கிறது. கீறல் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

ஆகவே சுழல் என்று பெயர் வைக்காதீர்கள். கேட்பவன், வட்டமாகத் துடைத்ததால் வட்டமாகக் கீறியது என்று நினைத்துக்கொள்வான். எப்படித் துடைத்தாலும், மணல் இருந்தால் கீறும்.

ஓலைக்கட்டு எழுதியது:

டீச்சர் எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. ஓலையில் எழுத்தாணியால் கீறியதும் எழுத்து கண்ணில் படாது, மேலே மை தடவித் துடைத்தால்தான் கீறலில் மை தங்கித் தெரியும். கருப்பு வண்டியில் மையை முன்கூட்டியே அடித்துவிட்டார்கள், எழுதுவதுதான் பாக்கி.

கொக்குவிலான் எழுதியது:

ஐயாவின் உவமை எங்களுக்கு இன்னும் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் 'படம் கீறுறது' எண்டுதான் சொல்லுவோம், வரைவதற்கு. கீறல் என்ற சொல்லைக் கேட்டதும் சேதம் என்று எங்கள் பிள்ளைகளுக்கு உடனே படாது. கோடு போட்டிருக்கு, அவ்வளவுதான். சிராய்ப்பு நல்லதில்லையா?

கூலி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

சிராய்ப்பு முழங்காலில் வருவது, அண்ணே. இதற்கு ரொம்பப் பெரிய சொல். தமிழ்நாட்டு வகுப்பு என்பதால் கீறலையே வைத்துக்கொள்வோம்.

தோற்றத்தை விட்டுவிட்டுக் காரணத்தை வைத்துப் பெயர் சொன்னால்? எங்கள் அடுக்குமாடியில் காலை ஐந்தரைக்கு ஒருவர் வருவார். ஒரு வாளி, ஒரு மஞ்சள் துணி, பதினெட்டு வண்டி. முதல் வண்டியின் மண் பதினெட்டாவது வண்டி வரை பயணம் போகும். எனது பதினோராவது, கருநீலம். அவரைக் குறை சொல்லவில்லை, வண்டிக்கு இவ்வளவு என்று நாங்கள் கொடுக்கும் காசுக்கு அவ்வளவுதான் தண்ணீர். ஆனால் கீறல் வருவது துடைப்பதால்தான். அதனால் 'துடைகீறல்'. துடைத்த, துடைக்கின்ற, துடைக்கும் கீறல், மூன்று காலத்துக்கும் பொருந்தும். பெயரைக் கேட்டதுமே கை தயங்கும்.

பட்டறை வாத்தியார் எழுதியது:

பிரமாதம்! இதுதான் எனக்கு வேண்டியது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் 7, நம் தெளிபூச்சு அதற்குப் பக்கத்திலேயே வராது. காய்ந்த தூசியை உலர்துணியால் துடைப்பதும் நைஸ் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான். முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கு, நிழலில் கழுவு, சோப்புக்கு ஒரு வாளி துணியை அலச ஒரு வாளி, போர் தண்ணீராக இருந்தால் காய விடாதே, உப்புக்கறை வட்டவட்டமாகப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவும் 'துடைகீறல்' என்ற தலைப்புக்குக் கீழே அழகாக உட்காருகிறது. நாளைக்கே வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன்.

இயற்பியல் டீச்சர் எழுதியது:

ஒரு சின்ன ஆட்சேபம். பஃப் மெஷினாலும் வருகிறதே? அதற்கு என்ன பெயர்?

பட்டறை வாத்தியார் எழுதியது:

அது வேறு, டீச்சர். ரோட்டரி மெஷினைத் தெரியாதவன் ஓட்டினால் வெயிலில் பட்டை பட்டையாக, நடக்க நடக்க நெளிகிற மாதிரி தெரியும். ஹோலோகிராம் என்பார்கள். ஒரு இடத்தில் காசு கொடுத்து என் வண்டிக்கே வாங்கி வந்தேன். எடுத்தபோது பளபளவென்று இருந்தது, கீறலை அடைத்து மறைக்கிற கிளேஸைத் தடவி அனுப்பியிருக்கிறார்கள். மூன்று தடவை கழுவியதும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அதற்குச் சொல் அடுத்த பதிப்பில். இப்போது தாங்காது.

நற்றமிழ் எழுதியது:

மேல்பூச்சாக செராமிக் கோட்டிங் என்று ஒன்று போடுகிறார்களே, அதைச் 'சுடுமண் பூச்சு' எனலாமா?

பட்டறை வாத்தியார் எழுதியது:

வேண்டவே வேண்டாம், ஐயா. சிலிக்கா சேர்ந்த திரவம் அது, சூளையும் இல்லை மண்ணும் இல்லை. தண்ணீர் ஒட்டாது, அழுக்கு சீக்கிரம் போகும். கல் தெறித்தால் கீறல் விழத்தான் செய்யும். கீறலோடு இருக்கிற பூச்சின் மேல் போட்டால் கீறலையும் சேர்த்துக் காப்பாற்றும், முதலில் தீட்டிவிட்டுத்தான் போட வேண்டும். வாக்ஸாவது பரவாயில்லை, பிரேசிலில் கர்னாபா என்று ஒரு பனையின் இலையிலிருந்து எடுக்கிறார்கள், சில வாரத்தில் கரைந்துபோகும், மறுபடி பூசிக்கொள்ளலாம்.

ஓலைக்கட்டு எழுதியது:

பனையா? ஓலையின் மேல் மெழுகா? இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! 'மெழுகுப்பனை' என்று எழுதுங்கள். இதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

பட்டறை வாத்தியார் எழுதியது:

வியாழக்கிழமை ராத்திரி எழுதுகிறேன். துடைகீறல் போய்விட்டது.

போர்டில் எழுதித் திரும்பினேன், பின்வரிசையில் சிரிப்பு. என்னடா என்றால் ஒருத்தன் எழுந்து, 'சார், துடைன்னா தொடைதானே, தொடையில கீறலா சார்?' என்கிறான். அவன் பாட்டி அப்படித்தான் சொல்லுமாம். அதற்குப் பிறகு அரை மணி நேரம் பாடம் நடக்கவில்லை.

ஓலைக்கட்டு எழுதியது:

பையன் சொல்வது சரி. துடை என்பது தொடைக்கு உள்ள வழக்குதான், அகராதியிலும் இருக்கிறது. நான் சொல்லலாம் என்றிருந்தேன், எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தீர்கள்.

கூலி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா!!

சரி. நேரமில்லை. சிலந்தி வலை மாதிரி என்று வாத்தியார் முதல் மடலிலேயே சொன்னார். 'வலைக்கீறல்' என்று போட்டுப் பக்கத்தில் ஸ்வர்ல் என்று தமிழெழுத்தில் எழுதிவிடுங்கள். கடையில் கேட்கும் சொல்லும் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொக்குவிலான் எழுதியது:

எனக்கும் சம்மதம். நித்திரை வருகுது.

நற்றமிழ் எழுதியது:

சுழற்கீறலே சிறந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். வலைக்கீறலை எதிர்க்கவில்லை.

பட்டறை வாத்தியார் எழுதியது:

வலைக்கீறல் என்றே அனுப்பிவிட்டேன். தீட்டல், மெழுகுப்பூச்சு, தெளிபூச்சு எல்லாம் போயிற்று. தலைப்பில் கார் என்றே இருக்கிறது.

இயற்பியல் டீச்சர் எழுதியது:

வலையும் இல்லை. முடிந்தால் முதல் வகுப்பில் பையன்களை வண்டியைச் சுற்றி ஒரு நடை நடக்க வைத்து, வலை எந்த இடத்தில் இருக்கிறது என்று சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். கருப்பு வண்டியில் சாக்பீஸ் வேண்டாம், விரலால் காட்டட்டும். தொடாமல்.