மறுமொழி: பாலி ‘துக்க’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

செவ்வாய், காலை

அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான பௌத்த அறிமுக நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மும்மணி, ஐந்து சீலம், எண்வகை நெறி எல்லாம் முடிந்தன. புத்தர் சொன்ன நால்வகை வாய்மையில் முதலாவதான ‘துக்க’ என்பதிலேயே நிற்கிறேன். ‘துக்கம்’ என்று எழுதி வகுப்பில் படித்துக் காட்டினேன். “யார் செத்துப்போனாங்க?” என்று ஒரு பெண் கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. இன்று துக்கம் என்றால் சாவு வீடுதான்.

பௌத்தர்கள் இதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். நோய், மூப்பு, பிரிவு என நேரே வலிப்பது ஒன்று. இனியது மாறிப்போவதால் வருவது இன்னொன்று. காரணங்கள் கூடி உண்டான எதுவும் நிலைக்காது என்பதாலேயே அதில் இருக்கும் குறை மூன்றாவது. சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் இந்த மூன்றாவது உண்டு. அதைத் ‘துன்பம்’ என்றால் அவள் நம்புவாளா? ‘நிறைவின்மை’ சரிவருமா?

செவ்வாய், மாலை

அம்மா, சாத்தனார் முடித்துவைத்த வேலையை நாம் ஏன் மறுபடி தொடங்க வேண்டும்? அவருடைய மணிமேகலை 30ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்கிறார்: “துன்பம் தோற்றம் பற்றே காரணம், இன்பம் வீடே பற்றிலி காரணம்.” நான்கு வாய்மையும் இரண்டே அடியில் அடங்கிவிட்டன. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு சார்புக்கும் சொல் அங்கேயே இருக்கிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பொறி பொருளைத் தொடுவதற்கு ‘ஊறு’! அதைவிட நல்ல சொல் இன்றைக்கு நம்மால் ஆக்க முடியுமா? நிறைவின்மை என்பது மனத்தின் குறை. புத்தர் சொன்னது அதைவிட அகலமானது. துன்பமே போதும்.

செவ்வாய், இரவு

துன்பமும் வேண்டாம், நிறைவின்மையும் வேண்டாம். ‘இன்னாமை’ என்று எழுதுங்கள். பாலியில் சுகமும் துக்கமும் எதிரிணை. தமிழில் இனிமையும் இன்னாமையும். புறநானூறு 194இல் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் கேட்கக் காட்டிவிட்டு, “இன்னாது அம்ம இவ்வுலகம்” என்கிறார். அழுகிற வீட்டை மட்டும் அவர் இன்னாது என்னவில்லை, இரண்டும் கூடிய உலகத்தைச் சொல்கிறார். அம்மா கேட்ட மூன்றாவது வகை இதுதானே?

புதன், காலை

சொல்லின் பிறப்பைப் பார்க்காமல் எப்படிப் பெயர்ப்பது? வடமொழியில் ‘க’ (kha) என்றால் துளை, சக்கரத்தில் அச்சு நுழையும் துளை. அது செம்மையாக இருந்தால் சுகம், கோணினால் துக்கம். இதை மறுத்து, நிலைகொள்ளாமை என்ற பொருளிலிருந்து பிறந்தது என்போரும் உண்டு. எனக்கு வண்டிதான் பிடிக்கிறது. புறம் 185இல் தொண்டைமான் இளந்திரையன் அரசையே சகடமாகக் காட்டுகிறார்; செலுத்துபவன் திறமில்லாதவன் என்றால் அது சேற்றில் அழுந்தும். அறவாழி, அதாவது அறச் சக்கரம், உருட்டியவர் புத்தர். ஆகவே ‘கோட்டம்’ என்று வைத்தால் என்ன? வளைவு என்ற பொருள் அதற்கு உண்டு.

புதன், மதியம்

கோட்டம் என்றால் பிள்ளைகள் கோயிலைத்தான் நினைப்பார்கள், ஐயா. இன்னாமைக்கும் அதே கதிதான். ‘இன்னா’ என்பதை ‘என்ன’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை விளக்கவே ஒரு பாடவேளை போய்விடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 194ஆம் பாட்டு “படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்” என்று படைத்தவனை நோகிறது. பௌத்தம் படைத்தவனை ஏற்பதே இல்லை. அந்தப் பாட்டை முதல் வாய்மைக்குச் சான்றாக வைக்கலாமா?

வடசொல் என்பதற்காகத் துக்கத்தைத் தள்ளுவதும் எனக்கு உடன்பாடில்லை. வடவெழுத்தை நீக்கி வந்தால் தொல்காப்பியரே ஏற்கிறார். 11ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் என்ற இலக்கண நூல் எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். அவலோகிதன் என்ற போதிசத்துவரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று பாடியவர். வடசொல்லைக் கண்டு அவர் அஞ்சவில்லை.

வியாழன், இரவு

எல்லோருக்கும் நன்றி. அலசியதில் எனக்கே பல தெளிந்தன. நூல் முழுவதும் ‘துன்பம்’, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘துக்கம்’ என்று சேர்த்து, சாவுத்துயர் மட்டுமல்ல என்று இரண்டு வரி விளக்கம். மூன்றாவது வகைக்குச் ‘சார்புத் துன்பம்’. சாத்தனாரின் ‘சார்பின் தோன்றி’யிலிருந்து எடுத்தேன். நால்வர் சரி என்று எழுதியிருக்கிறார்கள். நாளைக் காலை கோப்பை அனுப்புகிறேன்.

வெள்ளி, விடியற்காலை

அம்மா, அனுப்புமுன் இதைப் படியுங்கள். ‘இன்னாமை’ என்று எழுதச் சொன்னது நான்தான். நன்கணியாரை விட்டுவிடுகிறேன். “இன்னாமை இன்பம் எனக்கொளின்” என்று 630ஆம் குறளில் வள்ளுவர் அதே சொல்லை ஆள்கிறார்; அங்கே படைத்தவன் இல்லை. அந்தப் பெண் “துன்பம் சரி, நான் இன்றைக்குச் சந்தோஷமாகத்தானே இருக்கிறேன்?” என்று கேட்டால் உங்கள் இரண்டு வரி விளக்கம் தாங்குமா? என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். மறுபதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.