கேழ்வரகில் கருப்பு பியர்: மாவு இனிக்கவே இல்லை, எங்கே தப்பு?

மேற்கு மாம்பலத்திலிருந்து கேள்வி:

தம்பி நியூ ஜெர்சியில் இருக்கிறான். அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் காய்ச்ச அனுமதி உண்டு. பத்து வருடமாகக் காய்ச்சுகிறான். போன வருடம் சீலியாக் (குளூட்டன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத நோய்) என்று தெரிந்தது. பார்லி, கோதுமை, ரை எல்லாம் அன்றோடு நின்றது. அவனுக்கு ஸ்டவுட் என்ற கருப்பு பியர் என்றால் உயிர், அந்தக் காபிக் கசப்பை விடவே முடியவில்லை.

"கேழ்வரகுதானே, நான் செய்து தருகிறேன்" என்று அம்மா இறங்கிவிட்டார். 2 கிலோவைப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, வேட்டித் துணியில் கட்டி, இரண்டு நாள் முளைவிட்டு, மொட்டை மாடியில் காயவைத்தோம். பிறகு மொத்தத்தையும் இரும்பு வாணலியில் கருக வறுத்து, தெருமுனை மில்லில் அரைத்து, ஊருக்குப் போனவர் கையில் கொடுத்தனுப்பினோம். வீடே டிகாக்‌ஷன் வாசனை.

அவன் மாவை நீரில் கரைத்து 65 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தும் கூழாகவே இருந்ததாம். ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலம், அதாவது மாவுச்சத்து சர்க்கரையாகாமல் அப்படியே இருக்கிறது. என்ன செய்வது?

பெரம்பூரிலிருந்து:

அம்மாவின் முளைகட்டலில் குறையே இல்லை. மொத்தத்தையும் வறுத்ததுதான் காரணம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி முளையில்தான் உருவாகிறது, வாணலிச் சூட்டில் செத்துவிடும். பத்தில் ஒன்பது பங்கை வெயிலில் மட்டும் காயவையுங்கள், ஒரு பங்கைக் கருக்குங்கள். நிறத்துக்கும் கசப்புக்கும் அதுவே போதும்.

இன்னொன்று. சிறுதானிய மாவு வேக பார்லியைவிட அதிகச் சூடு வேண்டும்; அந்தச் சூட்டை நொதி தாங்காது. அதனால் உடைத்த முளைதானியத்தை முதலில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்துத் தனியே வைக்கச் சொல்லுங்கள். நொதி அந்த நீரில் இருக்கும். அடியில் நிற்பதைக் கஞ்சியாகக் கொதிக்கவிட்டு, 65க்கு ஆறியதும் தெளிவைத் திரும்ப ஊற்ற வேண்டும். அப்புறம் இனிக்கும்.

முகப்பேரிலிருந்து:

அக்கா, அந்த மில் மாவை அவர் வாயில் வைக்க வேண்டாம். உங்களுக்கு முன்னால் அங்கே கோதுமை அரைத்திருப்பார்கள். என் மகளுக்கும் சீலியாக். பெருங்காயத்தில் மைதா சேர்ப்பார்கள் என்று தெரியாமல் நாங்கள் பல மாதம் தவித்தோம். புது மிக்ஸி ஜார் ஒன்று இதற்கென்றே வாங்குங்கள். பியருக்கு நொய்யாக உடைந்தால் போதும். திரவ ஈஸ்ட்டைப் பெரும்பாலும் பார்லி மால்ட்டில்தான் வளர்க்கிறார்கள், அதையும் அவர் பார்த்து வாங்கட்டும். சோளம் முளைகட்டினால் முளையையும் வேரையும் தேய்த்து உதிர்த்துவிடுங்கள். அவற்றில் சயனைடு உண்டாகும்.

மேற்கு மாம்பலம்:

அந்த மாவைக் கொட்டிவிடச் சொல்லி இப்போதுதான் போன் செய்தேன். நல்லவேளை, வாயில் வைக்கவில்லையாம். அம்மா அடுத்த 2 கிலோவை ஊறப்போட்டுவிட்டார். இந்த முறை வறுக்க 200 கிராம்தான், தராசில் நிறுத்து எடுக்கிறோம்.